ஜனாதிபதியின் முகத்தை மறைத்த மரம்

தெலுங்கு பேசும் ஊரான நாச்சாரத்தில் நாங்கள் குடியிருந்த காலனியில் ஒரு புங்கமரத்தை வெட்ட முடிவு செய்தார்கள். சுவரில் வரைந்திருந்த முன்னாள் ஜனாதிபதியின் முகத்தை அது மறைக்கிறதாம். முடிவு செய்தவர் என் சொந்தத் தாய்மாமா. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாமா காலனி அசோசியேஷனின் செயலாளர். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மறைந்த அந்த ஜனாதிபதியும் தமிழர் என்பதால், பங்காளி முறை போல மாமா அவரைச் சொந்தம் கொண்டாடுவார். ஒரு வருடம் ஜனாதிபதியின் பிறந்தநாளுக்கு கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அவர் படத்தை வரையச் செய்து, வார்டு கவுன்சிலரான கார்ப்பரேட்டரை அழைத்து, சுவரோரமாக ஆறு மரக்கன்றுகளை நடவைத்தார். எங்களை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டி, அந்த ஜனாதிபதி பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த உறுதிமொழியைச் சொல்லச் சொன்னார். தெருவைக் காப்போம், மரம் வளர்ப்போம், தவறு கண்டால் கேள்வி கேட்போம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மற்ற பிள்ளைகள் சமோசாவைத் தின்றுவிட்டு உறுதிமொழியை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

பள்ளியிலிருந்து வரும்போது பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை கேட்டுக்கு அருகிலிருந்த புங்கக் கன்றுக்கு ஊற்றுவேன். அம்மா அரிசி களைந்த தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துத் தருவாள். பழைய ஜன்னல் வலையைச் சுற்றிக் கட்டியதும் அம்மாதான். மற்ற ஐந்து கன்றுகளும் கோடையைத் தாண்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை. என்னுடையது மட்டும் என் தலைக்கு மேல் வளர்ந்து, ஜனாதிபதியின் வாயையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த பிறந்தநாள் வந்தது. காலையில் நான் தண்ணீரோடு போனபோது வலையைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கடப்பாரையால் மரத்தின் தூரைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வேனில் புதுக் கன்றுகள் வந்து இறங்கக் காத்திருந்தன. நான் போய் மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, எந்திரி. பெரியவுக வர்ற நேரம்."

"மரத்தை எதுக்கு மாமா வெட்டணும்?"

"மூஞ்சி தெரிய மாட்டேங்கி. போட்டோவுல அவரு தெரியணும்லா."

"மரம் நடச் சொன்னதே அவர்தானே மாமா?"

மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். அவர் கன்னத்தில் அறைந்தார்.

சத்தம் கேட்டு அம்மா படியிறங்கி ஓடிவந்தாள். அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டாதவள் அவள். அன்று நேரே போய் அவர் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினாள்.

"கேள்வி கேளுன்னு சத்தியம் வாங்குனது நீங்கதான அண்ணே? கேட்டா அறையுதீங்க. இன்னொரு தரம் என் பிள்ளை மேல கை வச்சீங்கன்னா, இந்தக் கடப்பாரையக் கொண்டே அந்தச் சுவர இடிச்சிப் போடுவேன்."

அவள் குரல் உயரவில்லை. மாமா பின்வாங்கினார். அந்த நேரம் பார்த்து கார்ப்பரேட்டரின் கார் வந்து நின்றது.

மாமா முகத்தை மாற்றிக்கொண்ட வேகத்தை நான் மறக்கமாட்டேன். கடிபட்ட கையைக் கைக்குட்டையால் மறைத்தபடி, இந்தப் பெண் என் மருமகள், மரத்தை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று தெலுங்கில் பெருமையாகச் சொன்னார்.

கார்ப்பரேட்டர் குனிந்து என்னைப் பார்த்தார். பெரிய ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தைரியம் வந்தது. கன்னம் எரிய எரிய, "போன வருஷம் நீங்க நட்ட மத்த அஞ்சு செடியும் எங்க சார்?" என்று தெலுங்கில் கேட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பலே ஹுஷார் பாப்பா" என்று என் சுட்டித்தனத்தை மெச்சி என் தாடையைக் கிள்ளினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். போட்டோக்காரரைக் கூப்பிட்டு, ஒரு கையை என் தலையிலும் மற்றதை மரத்திலும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, செத்துப்போன ஐந்து கன்றுகளின் குழிகளிலேயே புதிய ஐந்தை நட்டுவிட்டுப் போனார். யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பேச்சே எழவில்லை.

மறுநாள் தெலுங்குப் பத்திரிகையில் படம் வந்தது. மரத்தைக் காப்பாற்றியவர் கார்ப்பரேட்டர் என்று போட்டிருந்தது. மாமா வீட்டுக்கு வந்து அதை மேசையில் விரித்துவைத்தார். அம்மா அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அஞ்சு செடியும் எங்கன்னு நீ கேட்டதுக்கு அந்த ஆளு என்ன பதில் சொன்னாரு?"

"சிரிச்சாரும்மா. எல்லாரும் கை தட்டினாங்க. மரத்தையும் வெட்டலை."

அம்மா எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்துப் போட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் சுவரில் மோதுகிற மாதிரி சத்தம். மாமாவைக் கடித்ததற்காகத்தான் அவளுக்கு என் மேல் இவ்வளவு கோபம் என்று நினைத்து, நான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், அதில் நான் எவ்வளவு அழகாக இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.