கூட்டுக்கு மூன்று பூட்டு

கூட்டைத் திறப்பதற்கு முன்னால் செக்கிங் அக்கா மூன்று பூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். முந்தின நாள் அவள் கையாலேயே பூட்டியவைதான். சாவிக்கொத்தும் அவள் இடுப்பை விட்டு நகரவில்லை. ஆனாலும் இழுப்பாள். பிறகு குனிந்து, கதவுக்கு முன்னால் சலித்துப் பரப்பியிருக்கும் மெல்லிய மணலைப் பார்ப்பாள். பூனை வந்திருந்தால் நகம் தெரியாத தடம் இருக்கும். நாயென்றால் நகம் பதிந்திருக்கும். கீரியின் தடம் சின்னது, ஐந்து விரலும் அழுத்தமாக விழும். பாம்பென்றால் ஒரே நெளியல். எதுவுமே இல்லாத நாளில்தான் அக்காவின் முகம் சுருங்கும்.

"ஒண்ணுமே இல்லன்னா என்ன அர்த்தம்? வந்தது யாரோ, பெருக்கி விட்டுட்டுப் போயிருக்கு" என்பாள்.

அவள் வேலை அப்படி. நாலு மாடிக் கடை ஒன்றின் வெளியேறும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். போகிறவர்களின் பில்லை வாங்கி, பைக்குள் ஒரு பார்வை விட்டு, பில்லில் நீலப் பேனாவால் ஒரு கிறுக்குக் கிறுக்கித் தருவாள். பதினோரு வருடமாக இதே ஸ்டூல், இதே கிறுக்கல். தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, தபால்காரர்கூட "செக்கிங் அக்கா வீடுதானே?" என்றுதான் கேட்பார். "இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட நான் தப்பா நிறுத்தினதில்ல" என்பதுதான் அவள் சேர்த்துவைத்த ஒரே சொத்து. அதற்கு ஒரு சூத்திரமும் வைத்திருக்கிறாள். "ஒளிச்சு வெச்சவன் நம்ம கண்ணைப் பார்த்துச் சிரிப்பான். ஒளிக்காதவன் சிரிக்க மாட்டான். அவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம்."

வேலை முடிந்து கிளம்பும்போது ஊழியர்களின் பையையும் பார்ப்பார்கள். வாசல் காவலாளிக்கு அக்காவின் பையைத் தொடவே கூச்சம். அவள் விட மாட்டாள். அவர் கேட்பதற்கு முன்பே பையை அகலத் திறந்து இரண்டு கையாலும் நீட்டுவாள். டிபன் டப்பாவின் மூடியைக்கூடக் கழற்றியிருப்பாள். அவர் பார்த்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்னைப் பார்க்காம விட்டா, ஊரைப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?"

கோழி வாங்கப் போனதும் ஏறக்குறைய ஆள் எடுக்கப் போன மாதிரிதான். மற்றவர்கள் கோழியைத் தூக்கி எடை பார்ப்பார்கள். அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, கூண்டுகளுக்கு மேலே மெதுவாக வீசிக்கொண்டே போனாள். துண்டின் நிழல் கோழிகள்மேல் ஓடியது. வெள்ளைப் பண்ணைக் கோழிகள் தலையைத் தூக்கவே இல்லை, தீனியில் மும்முரம்.

"இதை எடுத்துக்குங்க அக்கா, தினம் முட்டை போடும்" என்றார் விற்கிறவர்.

"போடும். பருந்து வந்தா அதுக்கும் வாங்கன்னு சொல்லும்."

பழுப்பு நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு ஜாதி இருந்தது. அதன் உடம்புக்கு ஓர் அடி உயரம்கூட எகிற முடியாது என்று தள்ளிவிட்டாள். தலையில் பூச்செண்டு மாதிரி முடி வைத்த அழகுக் கோழியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "முடி கண்ணை மறைக்குது. இது எங்கேருந்து வானத்தைப் பார்க்கும்?" கடைசியில் மூலையில் இருந்த ஒல்லி நாட்டுக்கோழிகளிடம் வந்தாள். நிழல் பட்டதும் அத்தனையும் கழுத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தன. முட்டை குறைவாகத்தான் போடும், போட்டதும் அடைக்கு உட்காரும் என்று விற்கிறவரே எச்சரித்தார். "கொஞ்சம் போட்டாலும் உயிரோட இருந்து போடட்டும்" என்று ஆறு எடுத்தாள்.

அந்த ஆறில் ஒரு புள்ளிக்கோழி மேலே மட்டும் பார்க்கவில்லை. மேலே பார்த்தது, விற்கிறவரைப் பார்த்தது, பிறகு அக்காவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையும் பார்த்தது. அக்கா சொக்கிப்போனாள். "இது நம்ம ஆளு" என்று அதை மட்டும் கூடையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கு சூப்பர்வைசர் என்று பேர்.

பக்கத்து வீடு அவள் கணவரின் தங்கை வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு பலகைக் கதவு. பதினாலு வருடமாக அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை. கீல் துருப்பிடித்து அப்படியே நின்றுவிட்டது. நாத்தனார் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அவளுடைய தையல் மெஷின் கொல்லை ஜன்னலோரம் இருந்ததால், அக்கா வேலைக்குப் போனபின் கோழிகள் அவள் பொறுப்பு. இரண்டாவது சாவி அவளிடம் இருந்தது. மத்தியானம் ஒரு மணி நேரம் திறந்துவிடுவாள். கால் மெஷினை மிதிக்க, கண் கோழிகள் மேல் இருக்கும்.

ஒருநாள் அளவு கொடுக்க யாரோ வந்தார்கள். நாத்தனார் டேப்பை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கீரி வந்து இரண்டு கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டது.

"ஒரே நிமிஷம்தான் அண்ணி உள்ள போனேன்" என்று அழுதாள் அவள்.

அக்கா அன்றைக்கே கோட்டை கட்டத் தொடங்கினாள். விரல் நுழையாத கண் வைத்த இரும்பு வலை வாங்கினாள். கூட்டைச் சுற்றி ஒரு முழம் தோண்டி, வலையை மண்ணுக்கடியில் வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தாள். மண்ணைப் பறித்துக்கொண்டு வருகிற எதுவும் வலையில் முட்டித் திரும்பியாக வேண்டும். மேலே கூரை வலை, பருந்தை மிரட்டப் பழைய சி.டி. தட்டுகள், கதவுக்கு மூன்று பூட்டு. மூன்றுக்கும் இரண்டாவது சாவி நாத்தனாரிடம். ஒரு வாரத்தில் கீரி மறுபடி வந்தது. மூன்று இடத்தில் பறித்துவிட்டுத் தோற்றுப் போனது. அந்தத் தடத்தை அக்கா கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஹாஸ்டலில் படிக்கிற மகளின் மார்க் ஷீட்டைக்கூட அவள் அப்படிக் காட்டியதில்லை.

"இனிமே மத்தியானம் திறக்காதே. தண்ணி மட்டும் வை" என்றாள் நாத்தனாரிடம்.

"நாளெல்லாம் அடைச்சே போட்டா அதுங்களுக்குப் பொழுது போகாது அண்ணி. வேண்டாத வேலை பண்ணும்."

"உயிரோட இருக்கும்ல?"

உயிரோடுதான் இருந்தன. முட்டைதான் காணாமல் போக ஆரம்பித்தது.

தினம் இரண்டு மூன்று கிடைத்த இடத்தில் ஒன்று, பிறகு அதுவும் இல்லை. அக்கா வலையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். எலி நுழைய வழியில்லை, பாம்பு நுழைய வழியில்லை. ஓடு ஒரு துண்டுகூடக் கிடக்கவில்லை. வைக்கோலில் ஓர் இடம் மட்டும் பிசுபிசுவென்று ஒட்டியது. "எடுக்கும்போது ஒண்ணு உடைஞ்சிருக்கு. கை நடுங்கியிருக்கு" என்று முடிவு கட்டினாள். கை என்று வந்துவிட்டால் யார் கை?

முதலில் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்த அப்பாவி மனிதர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார்.

"வாயை ஊதுங்க."

"குடிச்சிருந்தா ஊதச் சொல்லுவாங்க. முட்டைக்குமா ஊதணும்?" என்றார். ஊதவும் ஊதினார்.

அவரிடம் சாவி கிடையாது. சாவி இருப்பது இரண்டே பேரிடம். அக்காவின் மனசு பலகைக் கதவுவரை போய் நின்றது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் சோதிக்காமல் விட்டுப் பழக்கமும் இல்லை. மறுநாள் காலை கூட்டில் கிடந்த ஒரு முட்டையை எடுக்காமல், அதன் அடியில் நீலப் பேனாவால் தன் கிறுக்கலைப் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அது இல்லை.

அடுத்த நாள் விடிந்ததும் சர்க்கரை கேட்டு நாத்தனார் வீட்டு அடுக்களைக்குப் போனாள். மேடையில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் நாலு முட்டை. நாத்தனார் சர்க்கரை டப்பாவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். அக்காவின் விரல்கள் தாமாகப் போய் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டின. நாலாவதைப் புரட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, டப்பாவும் கையுமாக நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணி, பில் வேணுமா?"

நாத்தனார் நூல்கண்டு டிராயரைத் திறந்து, கடை பில்லைத் தேடி எடுத்து நீட்டினாள். அக்கா, பழக்க தோஷம், அதை வாங்கி வாசிக்கவும் செய்தாள். நாலு முட்டை என்றுதான் இருந்தது. நாத்தனார் ஆணியில் தொங்கிய இரண்டாவது சாவிக்கொத்தை எடுத்து அந்த பில்லின்மேலேயே வைத்தாள்.

வீட்டுக்கு வந்தும் அக்காவின் மூளை சும்மா இருக்கவில்லை. 'பில் இந்த நாலுக்குத்தான். நேத்திக்குப் போனதுக்கு எங்கே பில்?' அன்றைக்கே கீலுக்கு எண்ணெய் விட்டு, பலகைக் கதவை இழுத்துச் சாத்தி, புதுத் தாழ்ப்பாள் ஒன்றைத் தன் பக்கத்தில் அடித்தாள். ஆணி அடிக்கிற சத்தம் அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டிருக்கும்.

"கல்யாணம் ஆகி நீ வந்த நாள்லேருந்து அண்ணி அண்ணின்னு உன் பின்னாடியே சுத்தினவ அவ" என்றார் கணவர்.

"நான் அவளை ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லியிருந்தாகூடப் பரவாயில்ல."

நாத்தனார் தையல் மெஷினைக் கொல்லை ஜன்னலிலிருந்து முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். அத்தனை வருடமாக ஓடிய கடகட சத்தம் கொல்லையில் நின்றுபோனது. துணி காயப்போடும்போதெல்லாம் அக்கா அந்த ஜன்னலைப் பார்ப்பாள். ஆனால் முட்டை அப்புறமும் காணாமல் போய்க்கொண்டிருந்ததே! "மாத்துச் சாவி போட்டிருப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு முன்புபோல அவளிடமே பலமில்லை.

வார விடுமுறை நாள் வந்தது. அக்கா வேலைக்குப் போகிற சேலையை உடுத்தி, பையும் குடையுமாக, "நான் கிளம்பறேங்க!" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனாள். சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்கு வந்து, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், ஒரு கோணிக்குள் ஒரு கண் அளவு ஓட்டை வைத்து உட்கார்ந்தாள். கூடு தெரிந்தது, பலகைக் கதவும் தெரிந்தது. கண்கொத்திப் பாம்பாக அவள் பார்த்ததெல்லாம் கதவைத்தான்.

அரை மணி போனது. ஒரு மணி போனது. கதவு அசையவில்லை. கூட்டுக்குள் சிவப்புக்கோழி முட்டையிட்டுக் கொக்கரித்துவிட்டு வைக்கோலை விட்டு இறங்கியது. சூப்பர்வைசர் குச்சியிலிருந்து கீழே குதித்து அங்கே போனது. கழுத்தைச் சாய்த்து வானத்தைப் பார்த்தது. பலகைக் கதவைப் பார்த்தது. டிரம் பக்கமும் ஒரு பார்வை பார்த்தது. 'எப்படி நோட்டம் விடுது பாரு' என்று அக்காவுக்கு இந்த நிலையிலும் பெருமை.

பிறகு அது முட்டையை ஒரே கொத்தாகக் கொத்தியது.

நிறுத்தி, சுற்றிலும் பார்த்தது. மறுபடி கொத்தியது. துளையைப் பெரிசாக்கி அலகை உள்ளே விட்டு, நிதானமாகக் குடித்தது. ஓட்டுத் துண்டுகளையும் நொறுக்கி விழுங்கியது. மிச்சத்தின்மேல் காலால் வைக்கோலை இழுத்து இழுத்து மூடியது. ஒரு கூலிக்காரன் சாப்பிட்ட இடத்தைத் துடைக்கிற ஒழுங்கு அதில் இருந்தது.

"அடிப்பாவி" என்றாள் அக்கா, கோணிக்குள்ளிருந்து.

பூட்டுகளைத் திறக்க அவளுக்கு நேரமானது. சாவி மாறி மாறிப் போனது. நாளெல்லாம் அடைத்துப்போட்டால் வேண்டாத வேலை பண்ணும் என்று நாத்தனார் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. சர்க்கரை டப்பாவோடு நின்றபோது அவள் சிரிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன் சொந்தச் சூத்திரத்தையே அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

சூப்பர்வைசரைத் தூக்கினாள். அது திமிறவில்லை. அலகெல்லாம் மஞ்சள், மார்பு இறகில் ஓட்டுத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. முந்தானை நுனி தானாகவே அவள் கைக்கு வந்தது. துடைத்துவிட்டால் போதும். பார்த்தவர் யாருமில்லை. மத்தியானம் கொஞ்சம் வெளியே விட்டால் கோழி திருந்திவிடும், தாழ்ப்பாளை ஒருநாள் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம், பதினோரு வருடப் பெருமையும் கீறல் விழாமல் அப்படியே இருக்கும். முந்தானை அலகுவரை போனது.

போன கை நின்றது. முந்தானையை விட்டுவிட்டு, அக்கா சுவர் பக்கம் நடந்தாள். தாழ்ப்பாள் புதுசு, கிறீச்சென்றது. அந்தப் பக்கம் முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. கழுத்தில் டேப் தொங்க நாத்தனார் வந்து, கதவுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள்.

"என்ன அண்ணி? இன்னும் ஏதாவது பார்க்கணுமா?"

அக்கா கோழியை இரண்டு கையாலும் பிடித்து, மஞ்சள் ஒட்டிய அலகு நன்றாகத் தெரியும்படி நாத்தனாரின் முன்னால் நீட்டினாள். அவள் பார்த்து முடிக்கட்டும் என்று, முகத்தை மட்டும் திருப்பி, கடிகாரம் இல்லாத அந்தக் கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.