ஜிம்புலி வேஷம்

படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே அதில் வரும் படகுப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் நான் சொல்ல வந்தது உங்கள் காதில் ஏறாது. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்த படம் என்பது மட்டும் போதும்.

போன மாதம் மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ம்மா, ஒங்க காலத்துப் படம். புதுசா மெருகேத்தித் திரும்ப விடுறாகளாம். தேனியில ஓடுது. போவமா?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கதாநாயகன், கதாநாயகி, நடுவில் அந்தப் படகு. கீழே வலது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முகம். உடம்பெல்லாம் கறுப்பு மை, தலையில் இறகு, கழுத்தில் எலும்பு மாலை, வெள்ளை வெளேரென்று பல். ஜிம்புலி! படத்தில் காட்டுக்குள் திரியும் கோமாளிப் பெண். நல்ல சிவப்பான நடிகை ஒருத்திக்கு மை பூசி நடிக்க வைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தால் அர்த்தமே இல்லாத சத்தங்கள்தான் வரும். கொட்டகை அதிரச் சிரித்தோம்.

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. டீ கெட்டிலின் அடிக்கரிக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. விறகுப் புகையும் பொங்கி வழிந்து காய்ந்த பாலும் சேர்ந்த ஒரு மாதிரிக் கசப்பு வாசனை. அது இத்தனை வருஷம் கழித்து, குளிர்சாதனம் ஓடும் அறையில், என் மூக்குக்குள் வந்து நின்றது.

அந்த வாசனைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசனை வரும். ஏலக்காய். கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு வருஷம் நான் கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கும் வேலைக்குப் போனேன். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். தார்ப்பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சுளகில் கொட்டி, பருமனான பச்சைக் காய் தனியாக, வெளுத்தது தனியாக, வெடித்தது தனியாகப் பிரிக்க வேண்டும். பத்துப் பதினோரு பெண்கள். தூசியில் தும்மல் ஓயாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றில்கூட ஏலக்காய் மணக்கும். என் தம்பி, "பாயாசம் வந்துருச்சு, பாயாசம் வந்துருச்சு" என்று கத்துவான். அப்போது கோபமாக வரும். இப்போது கூப்பிட ஆளில்லை.

எனக்குப் பக்கத்துச் சுளகு குருவம்மாவுடையது. சுருளிப்பட்டிக்கு மேலே, மலையடிவாரத்தில் இருக்கும் மலைவாசிகளின் பளியர்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். என்னைவிட ஒரு வயது இளையவள். காய் பிரிப்பதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. சுளகைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பிரிப்பாள், ஒரு காய் இடம் மாறாது. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. கரடி தேன்கூட்டைப் பிரித்தது, அவள் அப்பா மரத்தின் மேல் இருந்தபடியே கரடியிடம் நியாயம் பேசியது, எல்லாம் சொல்வாள். தமிழ்தான். எங்கள் தமிழேதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையின் வாலையும் லேசாக இழுத்து, மேலே தூக்கி விடுவாள். கேள்வி கேட்பது போலவும் இருக்கும், பாடுவது போலவும் இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பிடித்ததால்தானே அவ்வளவு சுத்தமாக மனதில் பதிந்தது! என் குற்றத்தில் அதுவும் ஒரு பங்கு.

மலையில் அடைமழை பெய்து மூட்டை வராத ஒரு நாளில் கடைக்காரர் மதியத்தோடு போகச் சொல்லிவிட்டார். எல்லோருமாகப் படத்துக்குக் கிளம்பினோம். வீட்டில் எனக்கு அனுமதி கிடைக்காது என்பதால் நான் அனுமதியே கேட்கவில்லை. குருவம்மா வரவில்லை. அவள் அம்மாவுக்குக் காய்ச்சல்.

"நாளைக்கு ஒன்னு விடாமச் சொல்லணும்க்கா" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அந்தப் படத்தில் ஜிம்புலி மட்டும் இல்லை. அத்தர் விற்கும் பாய் ஒருவரும் வருவார். கோமாளிக் குல்லா, மூன்று பெண்டாட்டி, வாயைத் திறந்தால் "நம்பள்கி, நிம்பள்கி" என்று உடைந்த தமிழ். கொட்டகையில் அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. நாங்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் என் அத்தாவுக்கு, அப்பாவுக்குத்தான், தமிழைத் தவிர வேறு பேச்சே தெரியாது. தூக்கத்தில் உளறினாலும் தமிழில்தான் உளறுவார். எங்கள் தெருவில் ஒருவரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அப்படியென்றால் அந்தப் பாய் எந்த ஊர்க்காரர் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்களில் மூத்தவளான ராசாத்தியக்கா எதிரிலிருந்து கையை நீட்டி, "நம்பள்கி அந்தச் சாக்கு எடுத்துக் குடு" என்றாள்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். ராசாத்தியக்கா கெட்டவள் இல்லை. என் ரெண்டாவது பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என்னோடு மூன்று நாள் இருந்தவள் அவள். ஆனால் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. "நிம்பள்கி வீட்டுல எத்தன பொண்டாட்டி?" என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். என் காது மடல் கொதித்தது. இன்னும் ஒரு நாள் இது நீடித்தால், கல்யாணமாகிப் போகிறவரை இந்தக் கடையில் எனக்கு இதுதான் பெயர் என்று புரிந்துவிட்டது.

அப்போதுதான் நான் எழுந்தேன்.

அடுப்போரம் ஆறிக் கிடந்த டீ கெட்டிலை எடுத்து, அதன் அடியில் கையைத் தேய்த்து, முகமெல்லாம் பூசினேன். காலிச் சாக்கை இடுப்பில் சுற்றினேன். தார்ப்பாயின் நடுவில் குதித்து ஜிம்புலியாக ஆடினேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நடிகையின் அர்த்தமில்லாத சத்தத்துக்குப் பதிலாக நான் குருவம்மாவின் இழுவையைப் போட்டேன். அவள் கரடிக் கதையை, அவள் வார்த்தைகளிலேயே, அந்த வால் தூக்கலோடு, பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

கடை இடிந்து விழுவது போலச் சிரிப்பு. ஒருத்தி சுளகைக் கவிழ்த்துவிட்டாள். என் பக்கம் வந்த சிரிப்பை அப்படியே பக்கத்துச் சுளகுக்குத் தள்ளிவிட்டேன். அவ்வளவு லேசான வேலையாக இருந்தது அது.

முதலில் குருவம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. படத்துக் கதை கேட்கும் ஆசையில், யாரைப் பற்றி என்று தெரியாமலே சிரித்தாள். பிறகு எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். நான் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"நான் அப்படியாக்கா பேசுறேன்?"

"ஏத்தா, சும்மா வெளையாட்டுக்குடி" என்றேன்.

ராசாத்தியக்கா மறுபடி "நம்பள்கி" என்று சொல்லவே இல்லை. அதைவிட நல்ல சரக்கு கிடைத்துவிட்டதே. அன்றிலிருந்து குருவம்மா ஜிம்புலி ஆனாள். "ஜிம்புலி, தண்ணி எடு." "ஜிம்புலி, பஸ் வந்துருச்சு." சாயங்கால டீக்கு முன்னால், "ஒருக்கா ஆடிக் காட்டு ஆத்தா" என்று என்னைக் கேட்பார்கள். நானும் ஆடினேன். எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கரி போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்ததில் என் கன்னம் சிவந்துபோனது. அம்மாவிடம் அடுப்பு வெக்கை என்று சொன்னேன். அந்த நடிப்புக்கும் கைதட்டல் கொடுத்திருக்கலாம்.

குருவம்மாவின் பேச்சு குறைந்தது. கரடி போயிற்று, தேன் போயிற்று. கேட்டதற்கு "ம்" என்பாள். இப்போது சுளகைப் பார்த்துத்தான் காய் பிரித்தாள். ஒருநாள் அவள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "ஒம் பக்கத்துலதான இருந்தா? ஏன் நின்னுட்டா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே" என்றேன்.

தேனியில் மகனும் மருமகளும் எனக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். படம் தொடங்கும் முன், சில காட்சிகள் அந்தக் காலத்து மனப்போக்கைக் காட்டுகின்றன, யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று ரெண்டு வரி ஓடியது. படித்து முடிப்பதற்குள் மறைந்தது. அத்தர் பாய் வந்ததும் மகன் முகம் சுளித்தான். "என்னம்மா இது, நம்மாளுகள இப்படிக் காட்டியிருக்காக?" என்றான். பத்து நிமிஷத்தில் ஜிம்புலி வந்தாள். அவன் சிரித்துவிட்டான். கெட்ட பிள்ளை இல்லை. என்னிடமிருந்து வந்த சிரிப்புதான் அது.

வீடு திரும்பும் வழியெல்லாம் மருமகளுக்கும் அவனுக்கும் வாதம். அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டிருக்க வேண்டும் என்றாள் அவள். வெட்டினால் நடந்ததே நடக்காதது மாதிரி ஆகிவிடும், இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றான் அவன். பின் இருக்கையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என்ன மாமி சொல்றீக?" என்று கேட்டாள்.

சின்னமனூர் தாண்டியிருந்தது. நான் உங்களிடம் இப்போது சொன்னதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன்.  மருமகள், "அவுக இருக்காகளா?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரித்ததில் குருவம்மா இருந்தாள். தோட்டத்தில் வேலை முடிந்து, பழையபடி மலையடிவாரத்துக்கே வந்து, அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் தன் மகனோடு இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் என்னைக் காரில் கொண்டுபோய் விட்டான். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏலக்காய்க் கட அக்காதான? வாங்க. இங்கன நெழல்ல உக்காருங்க."

'வாங்க' என்றாள். அப்போதெல்லாம் 'வாக்கா'தான்.

எதையெதையோ பேசினேன். பிள்ளைகள், மூட்டுவலி, மழை. கடைசியில் வேறு வழியில்லாமல், அந்தப் படத்தைத் திரும்ப வெளியிட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை என்றேன். அந்தப் படத்தையே போடக் கூடாதென்று படக் கம்பெனிக்குக் கடிதம் எழுதலாமென்று மருமகள் சொல்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். பழியைச் சுமக்க இன்னொரு தோள் தேடும் புத்தி எனக்கு இந்த வயதிலும் போகவில்லை.

குருவம்மா புளியங்கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்லக்கா. ஒங்களத்தான் பாத்தேன்."

இன்னொரு புளியை எடுத்து உடைத்தாள்.

"அவுக போட்டா போட்டுட்டுப் போறாக. அதுல நடிச்ச பொம்பளைக்கு என்னயத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் செஞ்சேன். அவுக என்னயக் கேலி பண்ணாம இருக்கணும்னு ஒன்னயக் காட்டிக் குடுத்தேன் குருவம்மா."

"அது அன்னைக்கே தெரியும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்டு வாங்க முயலவில்லை. அவள் பேத்தி, பள்ளிக்கூடம் போகும் பெண், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். டிவியில் பேசுகிறவர்கள் மாதிரி, "குடிங்க ஆன்ட்டி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்து குருவம்மா பேசியது முழுக்க எங்கள் பேச்சு. கம்பத்து ஏலக்காய்க் கடைப் பேச்சு. வால் இல்லை, தூக்கல் இல்லை.

"ஒம் பேச்சு மாறிப்போச்சே" என்றேன்.

"மலைக்குப் போனதும் வாயத் தெறக்கவே கூச்சமாப் போச்சு. ஒங்கள மாதிரியே பேசிப் பழகிட்டேன். பிள்ளைககிட்டயும் அப்படியேதான் பேசுனேன். அதுகளயாச்சும் யாரும் சிரிக்கக் கூடாதுல்ல."

"பழைய மாதிரி ஒருக்கா பேசேன். அந்தக் கரடிக் கதையச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பேத்தியும், "என்ன கதை பாட்டி?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குருவம்மா புளியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டு வார்த்தை தொடங்கினாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். அது கம்பத்துக்காரி கதை சொல்வது போலத்தான் வந்தது.

"வரமாட்டேங்குது" என்று சொல்லி, புளிப் பக்கம் குனிந்துகொண்டாள்.

நாங்கள் படம் பார்த்த கொட்டகை இப்போது இல்லை. அங்கே தரையில் பதிக்கும் டைல்ஸ் விற்கிறார்கள். காய் பிரித்த கடையும் இல்லை. இயந்திரம் பிரிக்கிறதாம். அவை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. படம் மட்டும் போகவில்லை. கீறல் ஒவ்வொன்றையும் துடைத்து, சத்தத்தைத் துல்லியமாக்கி, ஜிம்புலியின் உளறலில் ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். குருவம்மாவின் பேச்சை யாரும் எங்கும் பதிந்து வைக்கவில்லை.

ஆனால் எனக்கு அது வரும். திரும்பி வரும்போது காரில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை, ஒவ்வொரு வாலும் தூக்கலும், அப்படியே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அவள் பாட்டியின் கரடிக் கதையைப் பாட்டியின் குரலிலேயே சொல்ல இன்று என் ஒருத்தியால்தான் முடியும். எந்த முகத்தோடு போய் நான் வாயைத் திறப்பது?