அத்தையின் வடிதுணி

தண்ணீர் ஃபில்டரைப் பழுதுபார்க்க வந்தவர், உள்ளேயிருந்த பஞ்சுச் சுருளை என் கையில் வைத்தார். அந்த ஈரவாசனையில் செஞ்சி வீட்டுக் கிணற்றடி வந்துவிட்டது.

எங்களுடையது சமணக் குடும்பம். அறுபதுகளில் எங்கள் வீட்டில் அத்தை வெள்ளைத்துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்கவே விடமாட்டார். வடித்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து நீர் ஊற்றி, அதில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதே கிணற்றில் விட்டுவிடுவார்.

ஒரு வருஷம் மேல்சித்தாமூர் சமணக் கோயில் தேருக்குக் கிளம்பிய அவசரத்தில் அப்படி விட மறந்துபோனார். கோட்டைமலை பின்னால் சிறுத்த பிறகுதான் கூடைக்குள் ஈரமாய் அந்தத் துணி கிடப்பதைப் பார்த்தார். பஸ்ஸை நிறுத்தி என்னோடு இறங்கிவிட்டார்.

“இந்த ஏரியிலயே உட்டுடலாம், அத்த” என்று வழியோர ஏரியைக் காட்டி அழுதேன்.

“அதுங்க ஊட்டுக்குப் போவ வாணாமா, கண்ணு?”

செம்புத் தண்ணீரை எனக்கும் துணிக்குமாய்ப் பங்கிட்டபடி நடந்தார். நடக்க நடக்க மலை மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த வருஷம் நாங்கள் தேர் பார்க்கவில்லை.

“இது எந்த ஊர்த் தண்ணிங்க?” என்று கையிலிருந்த சுருளைக் காட்டி, பழுதுபார்க்க வந்தவரிடம் கேட்டேன்.

“யாருக்கும்மா தெரியும்? குப்பையில போட்டுடுங்க.”

அவர் போன பிறகும், அந்தச் சுருள் காய்ந்துவிடாமல் நனைத்துக்கொண்டே நின்றிருந்தேன்.