ஷங்காயில் கெவினின் அம்மா காட்டாத அருங்காட்சியகம்

பெண் பார்க்கப் போவதுதான் எங்களுடைய வழக்கம். மாப்பிள்ளையின் தாயைப் பார்க்க விமானம் ஏறியவர்கள், எனக்குத் தெரிந்தவரை, மெல்பேர்ணின் இந்த ரோவிலில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் துவாரகா பிசியோதெரபிஸ்ட். அவளும் கெவினும் பல்கலைக்கழகத்தில் பழகி, அடுத்த வருடம் கல்யாணம் என்று நிற்கிறார்கள். கெவின் ஷங்காயில் பிறந்து மெல்பேர்ணுக்குப் படிக்க வந்தவன், வீட்டுக்கு ஒரே பிள்ளை. தங்கமான பொடியன், அவனில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவனுடைய அம்மாவைத்தான் என்னால் மட்டுக்கட்ட முடியவில்லை. வீடியோவில் வருவார், சிரிப்பார், கையை ஆட்டுவார், போய்விடுவார். என் மகளை அந்த மனுசிக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, அல்லது மகனுக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருக்கிறாரா? அது தெரியாமல் என் பிள்ளையை அந்த வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று இவரிடம் சொன்னேன்.

இவர் என்றால் என் கணவர். ரயில்வேயில் மின்சாரப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். துவாரகா, கெவின் இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. கெவினின் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்குச் சீனம் வராது. இந்த நிலையில் நான்கு நாள் எப்படி முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது? அதற்குக் கெவின்தான் வழி சொன்னான். போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு அருங்காட்சியகங்களுக்குப் போங்கள், கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டிச் சிரிக்கலாம் என்றான். புத்திசாலி.

அன்றிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. ஷங்காயில் அருங்காட்சியகங்களுக்குக் கணக்கில்லை. ரயிலுக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, புகையிலைக்குக்கூட ஒன்று. எல்லாவற்றையும் அலசி, கடைசியில் ஒன்றில் போய் நின்றார். நகரத்தின் நடுவில், வெள்ளைக்காரர் குதிரைப் பந்தயம் நடத்திய காலத்துக் கழகக் கட்டடத்தில் இப்போது நகரத்தின் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறதாம். படிக்கட்டின் இரும்புக் கம்பிகளில் குதிரைத் தலைகள் வார்த்திருக்கிறார்களாம். இவர் வருடத்தில் ஒரேயொரு நாள், மெல்பேர்ண் கப் குதிரைப் பந்தயம் ஓடுகிற செவ்வாய்க்கிழமை, பத்து டொலர் கட்டித் தோற்கிறவர். அந்தக் குதிரைத் தலையைத் தடவிப் பார்க்காமல் திரும்பமாட்டேன் என்று நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை புடோங் விமானநிலையத்தில் இறங்கினோம். மெல்பேர்ணிலிருந்து நேரே பதினொரு மணித்தியாலப் பறப்பு. ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்கு இப்போது விசா தேவையில்லை, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். வெளியே கெவினின் அம்மா நின்றார். குட்டைத் தலைமயிர், கழுத்தில் ஒரு நீலச் சால்வை, வீடியோவில் பார்த்த அதே சிரிப்பு. வந்த வேகத்தில் என் பையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. "விடுங்கோ, விடுங்கோ" என்று நான் தமிழில் சொல்ல, அவர் தன் மொழியில் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். பையின் ஒரு காதை அவரும் மறு காதை நானும் பிடித்தபடி ரயில் மேடைவரை போனோம். காந்தத்தில் மிதந்து ஓடுகிற ரயில் அது. ரிக்கற் ஐம்பது யுவான், முப்பது கிலோமீற்றர் தூரத்தை எட்டு நிமிடத்தில் ஓடி முடித்தது. ரோவிலுக்கு எப்போது ரயில் பாதை போடுவார்கள் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் இவர், இறங்கியபின் அந்த ரயிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு ஆறாம் மாடியில். குசினியில் கெவினின் அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஆம்பிளைகள்தான் சமைப்பார்களாம். நான் இவரை ஒரு பார்வை பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். சாப்பாடு முடிந்ததும் கெவினின் அம்மா போனை மேசை நடுவில் வைத்து ஏதோ சொன்னார். அது ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னது: எந்த அருங்காட்சியகம் பார்க்க விருப்பம்?

பிழை என்னுடையதுதான். வாய்ப்பழக்கத்தில், எங்களுக்கு எது என்றாலும் சரி என்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தாரிடம் எதைக் கேட்டாலும் முதல் தரம் வேண்டாம் என்போம், இரண்டாம் தரம் உங்களுக்கேன் கரைச்சல் என்போம், மூன்றாம் தரம்தான் உண்மையைச் சொல்லுவோம். அவரும் விட்டபாடில்லை, இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கும்வரை இவருக்குப் பொறுமை இருக்கவில்லை. குதிரைப் பந்தயக் கட்டடம் என்று போனுக்குள் கத்திவிட்டார். கெவினின் அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண் மட்டும் குசினிப் பக்கம் புருஷனிடம் போய்விட்டு வந்தது. அங்கே சனி, ஞாயிறு சரியான சனம் என்றார். நாளைக்கு வேறு ஒன்று காட்டுகிறேன் என்றார்.

சனிக்கிழமை இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். மெட்ரோவுக்கு ஆளுக்கு நான்கு யுவான், எங்களுடைய ஒரு டொலருக்கும் குறைவு. நுழைவு முப்பது யுவான். அதை நான் கட்டப் பார்க்க, அவர் என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டினார். உள்ளே டைனோசர் எலும்புகள் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கின்றன. அதையெல்லாம் நின்று பார்க்க விடாமல் எங்களை இழுத்துக்கொண்டு போனார். எங்கே இவ்வளவு அவசரம் என்று பார்த்தால், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்த கங்காரு. உங்கள் ஊர்ப் பிராணி, ஆசையாகப் பாருங்கள் என்பதுபோல் நின்றார். ரோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தெரு தாண்டினால் புல்வெளியில் பத்துப் பதினைந்து நிற்கும், ரோஜாச் செடியை மேய்ந்துவிட்டுப் போகும். இருந்தும் நாங்கள் ஆ என்று வாயைப் பிளந்து பார்த்துப் படமும் எடுத்தோம். அவர் மகிழ்ச்சியில் ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்தார். அந்த நேரத்தில் எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போனது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் வரைபடத்தைக் காட்டினார். பந்தயக் கட்டடம் அங்கிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள்தான். கெவினின் அம்மா குனிந்து முழங்காலைத் தடவினார். கால் நோகிறதாம். சரி, பாவம் என்று விட்டோம். கால் நோகிறது என்று சொன்ன அதே மனுசி எங்களை மெட்ரோவில் ஏற்றி, பிறகு ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஒரு மணித்தியாலம் தாண்டி, நகரத்தின் வடக்கு எல்லையில் பழைய கண்ணாடித் தொழிற்சாலையில் இருக்கும் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதிக் குவளை செய்வதை நெருப்பின் முன்னால் நின்று பார்த்தோம். அழகு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் மூளை அங்கே இருக்கவில்லை. நேரே இல்லை என்று சொல்லாமல் சுற்றிவளைத்து இல்லை சொல்லும் வித்தை எங்களுக்கும் கைவந்ததுதான். அவர் அதைச் செய்தபோது எனக்குத் துலக்கமாக விளங்கியது.

திரும்பும் வழியில், பந்தயக் கட்டடத்துக்குத் திங்கட்கிழமை போகலாம் என்று போன் சொன்னது. இவர் உடனே தேடிப் பார்த்தார். திங்கட்கிழமை அது பூட்டு. செவ்வாய் காலை எங்களுக்கு விமானம். கெவினின் அம்மா எதிர்க் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டே தமிழில் இவரிடம் சொன்னேன்:

"அங்க அவவுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். எங்கட நிறத்தோட எங்களைக் கூட்டிக்கொண்டு போக வெக்கப்படுறா. எங்களுக்கே இப்பிடியெண்டா, நாளைக்கு எங்கட பிள்ளையை எங்க ஒளிச்சு வைப்பா?"

உனக்கு எல்லாத்திலும் சந்தேகம் என்றார் இவர். ஆனால் குரலில் பழைய உறுதி இருக்கவில்லை. அறைக்குப் போனபின் துவாரகா போன் எடுத்தாள். அவ எப்படி அம்மா என்று கேட்டாள். நல்லா இருக்கிறா, கங்காரு காட்டினவ என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஞாயிறு காலை, இன்றைக்குப் பட்டு அருங்காட்சியகம் என்று கெவினின் அம்மா ஆயத்தமாக நின்றார். எனக்குப் பட்டுச்சேலை என்றால் உயிர் என்று கெவின் போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் போனை வாங்கினேன். நாங்கள் பந்தயக் கட்டடத்துக்குப் போகிறோம், நீங்கள் வரத் தேவையில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எங்களோடு அங்கே வர உங்களுக்கு வெட்கமா என்றும் கேட்டுவிட்டேன். போன் அதைச் சீனத்தில் சொன்னது. அவர் பொத்தானை அழுத்தி அதை இன்னொரு தரம் கேட்டார். முகம் சிவந்துவிட்டது. போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தார்.

அருங்காட்சியகத்துக்குக் காசு இல்லை, கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். மணிக்கூண்டு வைத்த கட்டடம். படிக்கட்டில் இவருடைய குதிரைகள் சொன்னபடியே இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு ஏறினார். இங்கே தோற்றவர்கள் எல்லாரும் இதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பார்கள் என்றார். மேல்மாடியில் நின்று எட்டிப் பார்த்தால் பந்தயத் திடல் இல்லை, அது பூங்காவாகிவிட்டது. மரங்களுக்குக் கீழே வரிசையாக வண்ணக் குடைகள். வானத்தில் மழைக்கு அறிகுறியே இல்லை. அது என்ன என்று நான் கையால் கேட்டேன். கெவினின் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, படியிறங்கி, நேரே அங்கே கூட்டிப்போனார். இவர் பின்னால் ஓடிவந்தார்.

குடைகளை விரித்து நிலத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடையிலும் ஒரு தாள் குத்தியிருந்தது. எழுத்து விளங்கவில்லை, எண்கள் விளங்கின. பிறந்த வருடம், உயரம், சம்பளம். பக்கத்தில் மடக்குக் கதிரைகளில் தாய்மாரும் தகப்பன்மாரும் கச்சான் கடலையும் தேநீருமாக இருந்தார்கள். எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. குறிப்பு! ஊரில் கல்யாணம் பேசக் கைமாறுகிற அதே குறிப்பு, இங்கே குடையில் காய்கிறது.

நாலைந்து பெண்கள் கெவினின் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எழும்பினார்கள். அவர் அவர்களைக் கையமர்த்திவிட்டுப் போனை வாயருகே வைத்து நெடுநேரம் பேசினார். அது ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்:

"நான் இரண்டு வருசம் ஒவ்வொரு சனி, ஞாயிறும் இஞ்ச இருந்தனான். கெவினுக்கு ஷங்காய்ப் பெட்டை வேணும், என்ர வீட்டுக்குக் கிட்ட இருக்கவேணும் எண்டு எழுதி வைச்சனான். அவனுக்கே அது தெரியாது. இந்த ஆக்களுக்குத் தெரியும். நான் வேற பிள்ளை தேடினனான் எண்டு இவை உங்களுக்குச் சொல்லிப்போடுவினம் எண்டு பயந்தனான். உங்கட மனம் நோகும்."

இரண்டு நாளாக நான் கட்டிய கோட்டை பொலபொலவென்று விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. போனை வாங்கி நானும் சொன்னேன். துவாரகாவின் குறிப்பை நான் நான்கு அன்ரிமாரிடம் கொடுத்து வைத்திருந்தேன், யாழ்ப்பாணத்து டொக்டர் மாப்பிள்ளை, எங்கட ஆக்களாக இருக்கவேண்டும் என்று. அவள் கெவினைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அதில் இரண்டு பேருக்கு நான் பதில்கூடச் சொல்லியிருக்கவில்லை. போன் அதைச் சீனத்தில் சத்தமாகச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கெவினின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீடியோவில் பார்த்த சிரிப்பு அல்ல, தோள் குலுங்கியது.

என் மகளின் படத்தைக் காட்டும்படி ஒரு பெண் கேட்டார். நான் போனைத் தேடுவதற்கு முன்பே கெவினின் அம்மா தன் போனில் எடுத்து நீட்டினார். துவாரகா எங்கள் வீட்டு முற்றத்தில் சேலையோடு நிற்கிற படம். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் மகனுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லைபோலும். பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து வயது, உயரம், உத்தியோகம் என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். நான் விழித்தேன். கெவினின் அம்மா அந்தப் பேனாவைப் பறித்து மூடியைப் போட்டு மூடி அவருடைய பையிலேயே திருப்பி வைத்தார். ஏதோ சுருக்கமாகச் சொன்னார். எல்லாரும் ஓவென்று சத்தம் போட்டார்கள். நான் இவரைப் பார்க்க, இவர் அதை மொழிபெயர்த்த போனை என் காதுக்குக் கிட்டப் பிடித்தார்.

"அந்தக் கதையை விடு. அவள் எங்கட வீட்டுப் பிள்ளை."

சொல்லிவிட்டுக் கெவினின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன்.