நான் படிக்காத நாவலின் பச்சை கவுன்

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஆம்பூரில் நான் படித்த பள்ளியில் ஆளுக்கொரு பழைய ஆங்கில நாவலைக் கொடுத்து அனுப்பினார்கள். பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை, அதில் வரும் யாராவது ஒருவரைப் போல உடுத்திக்கொண்டு மேடையில் கதை சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த நாவலின் அட்டையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்து வரை மூடிய பச்சை கவுன், தோளில் உப்பிய கை, மணிக்கட்டில் வரிசையாகப் பொத்தான்கள். அந்த கவுன் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் பக்கத்தைப் படிக்க அகராதியோடு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. இரண்டாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவைத்தேன். லீவுதான் இன்னும் நிறைய இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை. காலையில் எங்கள் ஊர் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். அட்டைப் படத்தைக் காட்டியதும், கிறிஸ்துமஸுக்கு எடுத்திருந்த தன் பச்சைச் சேலையைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அளவெடுக்கும்போது கேட்டாள்: "யாரு இந்தம்மா? இன்னா கதை?"

"ராணி," என்றேன். "அரண்மனையில அடைச்சு வெச்சிருக்காங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "எதுவரைக்கும் படிச்ச?" என்றாள். அவசரத்துக்கு ராணிக்கு ஒரு கடிதம் வரவழைத்தேன். அம்மா கவுனின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தாள். லெட்டரை வேறெங்கே ஒளிப்பாள் என்பது அவள் வாதம். அடுத்த வாரம் ராணி குதிரை ஏறினாள். தைத்த கீழ்ப்பாகத்தை அம்மா பிரித்து, மடிப்பை அகலமாக்கி, மறுபடி தைத்தாள்.

மே மாதக் கடைசியில்தான் என் பொய் வீட்டோடு நிற்கவில்லை என்று தெரிந்தது.

"பஸ்ல பின்சீட்டு பொம்பளைங்க பேஜாரு தாங்கல," என்றாள் அம்மா. "ராணி ஆத்தைத் தாண்டுனாளா இல்லையான்னு கேட்டுக்கினே இருக்காங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த பஸ்ஸில் ஒருத்தியாவது நாவலைப் படித்திருந்தால்? அது போகட்டும், இங்கிலீஷ் டீச்சர் படிக்காமலா இருப்பார்? இனியாவது படித்துவிடலாம் என்று புத்தகத்தை எடுப்பேன். ஒரு பத்தி தாண்டுவதற்குள் வைத்துவிடுவேன். காய்ச்சல் வந்தால் தப்பிக்கலாமே என்று உச்சிவெயிலில் மொட்டைமாடியில் போய் நின்றேன். வியர்த்ததுதான் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடை ஏறியதும் கவுனுக்காகவே கை தட்டினார்கள். டீச்சர் மைக்கை நீட்டி, நான் யார் என்று கேட்டார்.

"ராணி, மிஸ்."

அவர் புத்தக அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க ராணி இல்லையேம்மா. ஹீரோவோட அம்மா. முதல் அத்தியாயத்துலயே இறந்துபோயிடுவாங்களே," என்றார்.

அவர் திட்டவில்லை. அதனாலோ என்னவோ, ஹாலில் சிரிப்பு அடங்க நேரமானது. நான் மேடையிலிருந்து இறங்கி வந்தேன்.

வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அடி எப்போது விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி. ரெண்டாம் பக்கத்துல நீ வெச்ச பஸ் டிக்கெட்டு லீவு முழுக்க அங்கயேதான் இருந்துச்சு."

நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாத. நாளைக்கு கம்பெனி பஸ்ல அவங்க கேப்பாங்க. உன் ராணி ஊர் போய்ச் சேந்தாளா இல்லையா, அதைச் சொல்லு."

என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்றே அன்று நினைத்தேன். "தெரியாது. இனிமே கேக்காத," என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எந்தக் கதையும் கேட்டதில்லை. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என்ன சொன்னாள் என்று நானும் கேட்கவில்லை. தண்டனை அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்து, பல நாட்களுக்குப் பிறகு அந்த வெள்ளிக்கிழமை இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.