லாரியில் ஏற வேண்டிய பாட்டுகள்

ஆயுத பூஜைக்கு மறுநாள், வேலைக்காகத் தங்கியிருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குப் போனபோது, அப்பாவின் ஹார்ட் டிஸ்க் உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்திருந்தது. அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் விசேஷம் என்று எல்லாவற்றுக்கும் பாட்டுப் போடுவார். தொழிலுக்கு உதவும் எதையும் ஆயுத பூஜையன்று அவர் விடமாட்டார். டிஸ்க்கைச் செருகிப் பாட்டுப் போடும் மிக்ஸருக்கு ஒரு பொட்டு, மைக்குக்கு ஒரு பொட்டு. ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் தாராளமாக, வயர் செருகும் இடம் வரைக்கும்.

"எல்லாப் பாட்டும் அதுலதான இருக்கு. அதான் நல்லா வெச்சேன்" என்றார்.

சந்தனம் உள்ளே காய்ந்து இறுகியிருந்தது. லேப்டாப்பில் செருகினால் டிக் டிக் என்று அடித்துவிட்டு அடங்கிப்போனது. சினிமாப் பாட்டு போனால் எங்கேயாவது திரும்பக் கிடைக்கும். ஆனால் வேலைக்குப் போன ஊர்களில் பெண்கள் பாடிய கும்மியையும், முளைப்பாரிப் பாட்டையும், அம்மனுக்குப் பாடும் தாலாட்டையும் தன் மைக்கிலேயே பிடித்து வைத்திருக்கிறாரே, அவை வேறு யாரிடமும் கிடையாது. அவற்றுக்காகத்தான் மாசியில் பூச்சொரிதலுக்கு எங்கள் தெருவிலிருந்து சமயபுரத்துக்குப் பூ கொண்டுபோகும் லாரியில் அப்பாவின் செட்டை ஏற்றுகிறார்கள்.

பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகச் சுரண்டினேன். லேப்டாப் அதை விட்டு விட்டுப் படித்தது. லேப்டாப்பில் இடம் போதவில்லை. என் காலேஜ் போட்டோக்களையும் சேர்த்து வைத்திருந்த சினிமாப் படங்களையும் அழித்துவிட்டு, அப்பாவின் பாட்டுகளை இழுத்து உள்ளே போட்டேன். ஊர்களில் பெண்கள் பாடியவை அத்தனையும் வந்துவிட்டன. இனி இவை ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். நான் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அதனாலேயே தெரியாததைச் சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதமும் உண்டு. சில வாரங்கள் ஆபீஸ் இடைவேளைகளில், பாட்டுகளை எதில் பத்திரப்படுத்துவது என்பதைப் பற்றியே படித்தேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது. அதிரும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில், குலுங்கும் லாரியில், அது நெடுநாள் தாங்காது. எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்குக்குள் சுழல்வது ஒன்றும் இல்லை. லாரிக்கு அதுதான். வைத்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டிய பிரதிக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க்கே போதும்.

மிக்ஸரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவோடு மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அப்பாவைப் பார்த்தே பேசினார்.

"பொண்ணு படிப்புக்குங்களா?"

"மைக் செட்டுக்குங்க. அதுகிட்டயே கேளுங்க."

மிக்ஸரை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதுல போட்டுக் காட்டுங்கண்ணே. பாடினாதான் வாங்குவோம்."

"இருக்கறதுலயே பெருசு இது. கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க."

"கண்ணத் திறந்துட்டேதான் வந்திருக்கோம்."

போட்டார். மிக்ஸர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஃபார்மட் மாற்றிப் போட்டார். அப்போதும் இல்லை. வேறொன்றை எடுக்கச் சொன்னேன்.

"மாப்பிள்ளையக்கூட இப்படிப் பாக்க மாட்டாங்கம்மா."

"மாப்பிள்ளைக்கு யாரும் வாரண்டி தரதில்லைண்ணே. தந்தா அங்கயும் கேட்பேன்."

அப்பா கடை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். கடைசியில் கொள்ளளவு குறைந்த ஒரு எஸ்எஸ்டியை மிக்ஸர் ஏற்றுக்கொண்டது. பழைய மிக்ஸருக்கு அதுதான் ஒத்துப்போனது. எங்கள் பாட்டுகளுக்கு அந்த இடம் தாராளம். வீட்டுப் பிரதிக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் எடுத்தோம்.

பஸ்ஸில் வரும்போது அப்பா கேட்டார். "ஏம்மா, முன்னாடியெல்லாம் செவப்பு பென் டிரைவ்னா அம்மன் பாட்டு, பச்சைன்னா கல்யாணப் பாட்டு. அப்புறம் நீ ஒரே டிஸ்க்ல போட்டுக் குடுத்தே. பாட்டு மாத்தணும்னா உன் தம்பியக் கூப்பிட வேண்டியிருக்கு. இதுலயும் அப்படித்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. பாட்டுகள் தப்பித்தால் மட்டும் போதாது, அப்பாவின் கைக்குள்ளும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்துதான் தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்துத்தான் ஏறுவார்.

அந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஃபோல்டர் பெயர்களையெல்லாம் எண்ணாக மாற்றினேன். எந்த எண்ணில் எது என்று அவர்தான் சொன்னார். ஒன்றில் பிள்ளையார். இரண்டில் அம்மன். கும்மிக்கு ஏழு வேண்டும் என்றார். ஏன் ஏழு என்று நான் கேட்கவில்லை. மிக்ஸரின் சின்னத் திரையில் எண் மட்டும் தெரியும்படி செய்து, அவர் கையால் அழுத்திப் பார்க்க வைத்தேன்.

ஹார்ட் டிஸ்க்கை ஸ்ரீரங்கத்தில் என் அறைக்கு எடுத்துப்போகிறேன் என்றபோது மட்டும் தயங்கினார். மைக் செட்காரர்கள் தங்கள் பாட்டுகளை வெளியே விடமாட்டார்கள்.

"பாட்டு வெளிய போனா தொழில் போச்சும்மா."

"நான் வெளியாளாப்பா?"

அம்மா உள்ளேயிருந்து, "குடுத்தனுப்புங்க. இங்கிருந்தா அடுத்த ஆயுத பூஜைக்கு அதையும் குளிப்பாட்டிருவீங்க" என்றாள்.

மாசியில் பூ லாரி கிளம்பியது. மஞ்சள் புடவை கட்டி, பூத்தட்டோடு லாரிக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு நடந்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் லாரி குதித்தது. பாட்டு நின்றுவிட்டது. பெண்களின் குலவையும் நின்றது. என் கால்கள் தாமாகவே வேகமெடுத்தன.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பொண்ணக் கூப்பிடவாண்ணே?" என்று கத்தினார்.

"எதுக்கு? வயருதான் கழண்டிருக்கு" என்றார் அப்பா. செருகினார். திரையில் எண்ணைக் குனிந்து பார்த்தார். அழுத்தினார். முளைப்பாரிப் பாட்டு வந்தது. இது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ஏழு வரும்வரை மறுபடி அழுத்தினார். கும்மி கிளம்பியது.

நான் நடையைக் குறைத்துக்கொண்டு மற்றவர்கள் வந்து சேரும்வரை நின்றேன்.