கழுத்தை விடாத பிள்ளை

சிலுவைக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரைதான் ஊர். தக்கலை தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்த பிறகு எத்தனையோ கிணறுகளில் இறங்கியிருக்கிறார். ஆட்டைத் தூக்கியிருக்கிறார், ஆளைத் தூக்கியிருக்கிறார். ஆனால் ரஷ்மியை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

வயலை மனையாக்கிய புதுக் காலனி அது. மூடாமல் விட்டிருந்த பழைய பாசனக் கிணற்றில் நாலு வயதுப் பிள்ளை விழுந்துவிட்டாள். சிலுவை கயிற்றில் இறங்கியபோது, மோட்டார் குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள்.

"இஞ்ச வா மக்கா, மாமன் இருக்கேன்லா" என்று கையை நீட்டினார்.

குழாயை விட்டவள் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மேலே வந்தும் விடவில்லை, தாயிடமும் போகவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு போனார். நர்ஸ் பிஞ்சு விரல்களை மெல்லப் பிரித்து அவளை வாங்கிப் போன பிறகு, ஈரச் சட்டையோடு வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் மனைவி பிரீனாவுக்கும் பிள்ளை இல்லை. சில மாதங்கள் கழித்து இருவரும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு அந்தக் காலனிக்குப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் தகப்பன் குடும்பத்தையே அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும்போது, "அவ இப்ப ரெண்டாங் கிளாஸ் இருப்பா" என்பாள் பிரீனா. "மூணு" என்பார் இவர்.

சென்ற டிசம்பரில் அதே காலனியில் தீத்தடுப்பு விளக்கம். சிலிண்டரில் பற்றிய தீயை நனைத்த சாக்கால் அணைத்துக் காட்டிவிட்டு, "யாராவது செஞ்சு பாக்கியளா?" என்று கேட்டார் சிலுவை. உயரமான ஒரு சிறுமி முன்னால் வந்தாள். பெயர் கேட்டார்.

"ரஷ்மி, அங்கிள்."

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவள் அம்மாவும் கூட்டத்தில் நின்றாள். விளக்கம் முடிந்ததும் ஓரமாக வந்து கும்பிட்டாள்.

"அண்ணே, அவளுக்கு கெணத்துல விழுந்தது ஒண்ணும் ஓர்ம இல்ல. கொஞ்ச நாளு தண்ணியக் கண்டாலே அலறுவா. இப்பந்தான் நீச்சல் படிக்கா. ஒண்ணும் சொல்லிராதீங்க, என்ன?"

"சொல்ல மாட்டேம்மா."

வண்டி கிளம்பும்போது ரஷ்மி ஓடி வந்தாள். "அங்கிள், நான் சாக்கு போட்டது கரெக்டா?"

"கரெக்டாக்கும், மக்கா."

இன்னும் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் தோழிகளிடம் ஓடிவிட்டாள்.

வீட்டில் சொன்னதும் பிரீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன உயரம் இருப்பா?"

சிலுவை எழுந்து நின்று, தன் தோளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினார். பிரீனா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.